ஊர்ல யாரும் இல்ல, சார்

எங்கள் ஊரின் பழைய மனுவைத் தேடிப் பார்க்கும் யோசனை எனக்குத் தட்டியது ஒரு புதன்கிழமை மதியம். மூன்று மணி இருக்கும். மின்விசிறி சுழன்றதே தவிர, காற்று வரவில்லை. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பின்பக்க அறை. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் என்னிடம் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள்.

பி.ஏ. பொது நிர்வாகம் இரண்டாம் வருஷத் தேர்வு முடிந்ததும் எங்களைப் பத்து நாள் அலுவலகங்களில் உட்கார வைப்பார்கள். பயிற்சி என்று பேர். மற்ற பிள்ளைகள் டீ வாங்கிக்கொண்டு வரும் பயிற்சி பெற்றார்கள். எனக்குக் காமாட்சி மேடம் கிடைத்தார். தபால் பிரிவு எழுத்தர். பேசும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"ஏம்மா வளர்மதி, இத நல்லாப் பாத்துக்க. வாசல் தாண்டி எந்தக் காகிதம் உள்ள வந்தாலும் இந்த நோட்டுல ஒரு நம்பர் விழும். விழுந்துடுச்சின்னா அப்புறம் அது எங்கயும் ஓட முடியாது."

"பழைய மனுவா இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாமா மேடம்?"

"எந்த நாள்னு தெரிஞ்சாப் போதும்."

எனக்குத் தெரியும். மாசி மகம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. நான் பத்தாவது படித்த வருஷம். எங்கள் குப்பத்துக்கு டவுன் பஸ் கேட்டு ஊரே மனுக் கொடுத்தது. அந்த மனுவை எழுதியது நான்.

நாற்காலி மேல் ஏறி, அந்த வருஷத்துப் பதிவேட்டை இறக்கினேன். தும்மல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, என் விரல் ஓரிடத்தில் நின்றது.

'டவுன் பஸ் நீட்டிப்பு கோருதல். கலியபெருமாள் மற்றும் பலர்.'

பக்கத்தில் ஒரு நம்பர்.

பப்ளிக்னா எந்தப் பப்ளிக்?

மனுவைத் தேடி எடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் இந்தத் தொடரில், சிதம்பரத்தில் நான் இந்தப் பாடத்தில் சேர்ந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, முருகன் மாமாவுக்கு வருத்தம். தன் மொபெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

சரி, எழுதிவிடுகிறேன்.

எங்கள் குப்பத்திலிருந்து கடலூர்–சிதம்பரம் மெயின்ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நடுவில் சவுக்குத் தோப்பு. பஸ் பக்கத்து ஊரோடு திரும்பிவிடும். மாமா விடியற்காலையில் மீன் கூடைகளைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். கூடைகளுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். அந்த ஒரு சாண்தான் என் பிளஸ் ஒன், பிளஸ் டூ, காலேஜ் எல்லாம். மெயின்ரோட்டில் இறங்கிச் சுடிதாரில் ஒட்டிய செதிலை உதறிவிட்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவேன். பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே இருக்கும். வசதிதான். சாயங்காலமும் மாமாதான் மெயின்ரோட்டில் வந்து ஏற்றிக்கொள்வார்.

நான் சேர்ந்த அன்றைக்கு மாமா கேட்டார்: "பப்ளிக் அட்மினிஸ்ட்ரேசன்னா இன்னா? எந்தப் பப்ளிக்க?"

"கவர்மென்ட் எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறது மாமா."

"அது வேலையே செய்யாதே. மூணு வருசம் என்னாத்தப் படிப்ப?"

அப்பாவின் கேள்வி வேறு. "குரூப் ஃபோர் பரிச்சைக்குப் பத்தாவது போதும்னு சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு இது?"

பதில் என்னிடம் இருந்தது. எழுத்தர் வேலைக்குப் பத்தாவது போதும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் வந்த காகிதம் அந்தப் பக்கம் போனதும் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் பஸ் மனு என்ன ஆனது? அந்தக் கேள்விதான் என்னை சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றியது.

முதல் வருஷத்திலேயே 'சிவப்பு நாடா' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும். எங்கள் குப்பத்து மனுவை வைத்தே எழுதினேன். 'ஒரு கிராமமே கையெழுத்திட்டுக் கேட்டது. ஒரு வரி பதில்கூட இல்லை.' பேராசிரியர் அதை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார். பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சுமதிக்கு மாமா இல்லை

அந்தக் கட்டுரையில் சுமதியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சு. கணக்கில் என்னைவிடக் கெட்டி. நான் விடையைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் அதைச் சரிபார்த்து முடித்திருப்பாள். பத்தாவதில் என்னைவிட மார்க் அதிகம். பிளஸ் ஒன்னுக்குக் கடலூருக்குத்தான் போக வேண்டும். சாயங்காலம் டியூஷன் முடிந்து, அந்தத் தோப்பு வழியே அவள் தனியாக நடந்து வர வேண்டும்.

அவள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பஸ்ஸு வந்தா அனுப்பறேன்."

பஸ் வரவில்லை. எனக்கு மொபெட் வைத்த மாமா இருந்தார். சுமதிக்கு அப்படி யாரும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஜூன் மாதம் அவள் எறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனாள். இன்றுவரை அங்கேதான்.

இப்போது அவள் தங்கை புவனா பத்தாவது எழுதியிருக்கிறாள். ரிசல்ட் வர இன்னும் சில நாட்கள்தான். அம்மா அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்.

ஆகவே, அந்தப் பதிவேட்டில் என் விரல் நின்றது வெறும் ஆர்வத்தில் இல்லை.

மூன்று வருஷத்தில் அழிக்க வேண்டிய கோப்பு

நம்பரைச் சொன்னதும் காமாட்சி மேடம் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அது மூணு வருசம் வச்சிருந்து அழிக்கிற ரகம்மா. இந்நேரம் போயிருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா இங்க அழிக்கறதுக்கு ஆளு ஏது? இருந்தாலும் இருக்கும், பாரு."

இருந்தது. மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, துணியில் கட்டிய மூட்டை. யாரோ செய்யாமல் விட்ட வேலையால் தப்பித்த கோப்பு. சிவப்பு நாடாவைத் திட்டி மார்க் வாங்கிய நான், சிவப்பு நாடாவை நானே அவிழ்த்தேன். நிறம் போய், காவியாகிவிட்டிருந்தது.

மேலே என் கையெழுத்து. பத்தாம் வகுப்பு உருண்டைக் கையெழுத்து. 'உயர்திரு ஆட்சியர் அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கீழே முதல் கையெழுத்து ஊர்த் தலைவர் கலியபெருமாள். எங்கள் குப்பத்தில் எந்தக் காகிதமானாலும் முதல் கையெழுத்து தலைவருடையது. அவர் போட்ட பிறகுதான் மற்றவர் பேனாவைத் தொடலாம். அப்புறம் ஆம்பிளைகள். கடைசிப் பக்கத்தின் கடைசியில் பொம்பளைகள். கடைசிக்கும் கடைசியாக நானும் சுமதியும்.

அடுத்த தாளைத் திருப்பினேன். அங்கே ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் திருப்பினேன்.

ஒரு கடிதத்தின் நகல் இருந்தது.

'தங்கள் மனு தொடர்பாக, பேருந்து திரும்புவதற்கான இடத்தைப் பார்வையிட அலுவலர்கள் கீழ்க்கண்ட நாளில் வர உள்ளனர். ஊரின் சார்பில் பொறுப்பானவர் உடனிருந்து இடத்தைக் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பெறுநர்: திரு. கலியபெருமாள்.'

மனுக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதில் வந்திருக்கிறது.

"மேடம், பதில் போட்டிருக்காங்க மேடம்."

"போடுவாங்க. நிறையப் பேரு கையெழுத்துப் போட்டிருந்தா, மொதல்ல யாரு இருக்காங்களோ அவுங்களுக்குத்தான் போடுவாங்க. ஊருக்கே போட முடியுமா?"

அதற்கு அடுத்த தாள், ஆய்வுக் குறிப்பு. ஐந்தாறு வரிதான். நின்றுகொண்டேதான் படித்தேன். நான்காவது வரியில் உட்கார்ந்துவிட்டேன்.

'குறிப்பிட்ட நாளில் நேரில் சென்றபோது வீடுகள் பூட்டியிருந்தன. சீருடையில் இருந்த பள்ளி மாணவி ஒருவரை விசாரித்ததில், ஊரில் யாரும் இல்லை எனத் தெரிவித்தார். இடம் அளக்கப்படவில்லை.'

அந்தப் பள்ளி மாணவி நான்.

ஜீப் வந்த நாள்

பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை முடிந்த நாள். நானும் சுமதியும் சட்டையில் இங்க் அடித்துக்கொண்டு, மெயின்ரோட்டில் இறங்கித் தோப்பு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு ஜீப் வந்தது. மணலில் சக்கரம் புதைந்து புதைந்து, எங்களைத் தாண்டிப் போனது.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, எங்கள் பக்கம் வலைச் சோதனை ஜாஸ்தியாக இருந்த நேரம் அது. ஜீப் என்றால் தடை செய்த வலையைப் பிடிக்க வருகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளான எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்தால் ஓடி வந்து சொல்ல வேண்டும். யாராவது கேட்டால், ஊரில் யாரும் இல்லை, எல்லாரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

நான்தான் ஓடினேன். தோப்புக்குள் குறுக்கு வழி எனக்கு அத்துப்படி. ஜீப் வளைந்து வருவதற்குள் குப்பத்துக்குள் புகுந்து கத்திவிட்டேன். கதவுகள் சாத்திக்கொண்டன. வலைகள் படகுக்கு அடியில் போயின. ஆம்பிளைகள் கரைப் பக்கம் நழுவினார்கள். மூச்சிரைக்க சுமதி வந்து சேர்ந்தபோது தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர். "ஊர்த் தலைவர் வீடு எது பாப்பா?" என்று கேட்டார்.

"ஊர்ல யாரும் இல்ல, சார். எல்லாம் கடலுக்குப் போயிருக்காங்க."

சுமதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் மணலையும் வானத்தையும் பார்த்தார். பிறகு போய்விட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ராஜ மரியாதை. முருகன் மாமா பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். "கெட்டிக்காரிடா இவ, முகத்துல ஒண்ணும் காட்டல பாரு" என்று ஊரே சொன்னது. எத்தனையோ தடவை நானே இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். காலேஜில்கூட.

பஸ்ஸைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

காமாட்சி மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். கோப்பில் இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, தலைவருக்கு இரண்டாவது கடிதம்: பதினைந்து நாட்களுக்குள் இடத்தைத் தெரிவிக்கவும். மற்றொன்றில் ஒரே வரி: மனுதாரர் பதிலளிக்காததால் முடிக்கப்பட்டது.

பதில் போடாதது நாங்கள்.

ஐஸ் தண்ணியில் கை

மறுநாள் லீவு சொல்லிவிட்டு கம்பெனி வாசலில் போய் நின்றேன். சாப்பாட்டு இடைவேளை. சுமதி வெளியே வந்தாள். விரல் நுனிகள் ஐஸ் தண்ணியில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி எடுத்து வந்திருந்த ஆய்வுக் குறிப்பைப் படித்துக் காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

நான் முடித்ததும் ஒன்று கேட்டாள்: "அன்னிக்கு நான் வாயத் தொறந்தனே, ஞாபகம் இருக்கா?"

"கிள்ளினேன்."

"அந்தாளு கையில டேப்பு வச்சிருந்தான்டி. பெரிய டேப்பு, ரோடு அளக்கற டேப்பு. வலை புடிக்க வரவன் எதுக்கு டேப்பு கொண்டாரான்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன்."

மூடியை அவள் பக்கமே நகர்த்தினேன்.

"ஏண்டி இத்தினி வருசமாச் சொல்லல?"

"எங்க சொல்றது? உனக்கு சோடா வாங்கிக் குடுத்து ஊரே கொண்டாடிச்சி. நடுவுல போயி டேப்பு, டேப்புன்னா எவன் கேப்பான்?" மூடியை வழித்துச் சாப்பிட்டாள். "அப்புறம் நானும் பஸ்ஸோட சேத்து நினைக்கல. இப்ப நீ சொல்லத்தான் சேருது."

கம்பெனிச் சங்கு ஊதியது. எழுந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"அழுவாத, வளரு. நீ அழுதா எனக்கு என்னா கெடைக்கும்? அந்த லெட்டரு ரெண்டும் எங்க போச்சின்னு போயி கேளு. புவனா ரிசல்ட்டு வரதுக்குள்ள கேளு."

பிரிக்காத உறைகள்

தலைவர் கலியபெருமாள் மாமா வாசலில் வலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் கோபமாகத்தான் போனேன். மறைத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"மாமா, கவர்மென்ட்ல இருந்து உங்க பேருக்கு லெட்டர் வந்துதா? பஸ்ஸு மனுவுக்கு?"

"வந்துதே."

கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே பழுப்பு உறைகள். நான்கு இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏன் மாமா பிரிக்கல?"

என்னை அவர் பார்த்த பார்வையில், படித்த பெண் இதைக்கூடவா கேட்பாள் என்ற ஆச்சரியம் இருந்தது.

"ஊரு மனுக் குடுத்துது. ஊருக்கு வந்த லெட்டரு. ஊரு உக்காந்தாத்தானே பிரிக்கணும்? நான் தனியாப் பிரிச்சா, உள்ள ஏதோ வந்துது, கலியபெருமாள் அமுக்கிட்டான்னு சொல்லமாட்டானுங்க?"

"அப்ப ஊரக் கூட்டியிருக்கலாமே."

"எப்பக் கூட்டறது? அந்த வருசம்தான் சாமி எந்தத் தெருவுல மொதல்ல போவுதுன்னு சண்ட. மேலத் தெருக்காரன் வந்தா கீழத் தெருக்காரன் வரமாட்டான். ரெண்டு வருசம் ஊரு உக்காரவே இல்ல. அப்புறம் உக்காந்தப்ப..." நூலைக் கீழே வைத்தார். "மறந்துபோச்சிம்மா."

உறையின் மூலையில் அந்த அலுவலகத்தின் முத்திரை. நேற்று நகலாகப் பார்த்த கடிதம், இங்கே ஒட்டிய பசையோடு அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பதைச் சொன்னேன். ஜீப்பையும் சொன்னேன். யார் பொய் சொன்னது என்பதையும் சொன்னேன்.

பையின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"அப்ப அது வலை ஜீப்பு இல்லியா?" என்றார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. "நான் அன்னிக்குப் படகுக்கு அடியில படுத்துக்கினு இருந்தம்மா. அந்தாளு செருப்புச் சத்தம் கேட்டுது எனக்கு."

என்னிடம் கொடுங்கள், இப்போதே பிரித்துப் படிக்கிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"இப்பவும் ஊரு உக்காந்துதான் பிரிக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை கூட்டறேன். ரெண்டு தெருவும் வரும். வரவைக்கிறேன். நீயே வந்து படி."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

இதை எழுதும்போது வியாழக்கிழமை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பொம்பளைகள் பின்னால் நின்று கேட்பார்கள், பேச மாட்டார்கள். நாளைக்கு நான் முன்னால் வந்து நான்கு உறைகளையும் பிரித்துப் படிக்க வேண்டும். அதில் இரண்டு எனக்குத் தெரியும். மற்ற இரண்டில் என்ன இருக்கிறதோ, யாருக்கு என்ன போயிற்றோ.

உறைகளைப் படித்த பிறகு, ஜீப்பைப் பற்றிய குறிப்பையும் படிப்பேன். எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்த அதே ஊருக்கு முன்னால். பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கட்டுரை தப்பு, மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று.

புது மனு தயார். ஒரே பக்கம். பொற்பாதம் இல்லை. பஸ் திரும்பும் இடம் எது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் நானும் சுமதியும் புவனாவும் அந்த இடத்தை அளந்தோம். டேப் முருகன் மாமா வாங்கி வந்தது. என்ன விஷயம் என்று அவரிடம் சொன்னதிலிருந்து என்னோடு பேசவில்லை. டேப்பை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு முனையை சுமதி பிடித்துக்கொள்ள, மறு முனையோடு நான் நடந்தேன். புவனா எண்களை எழுதினாள். அக்காவைப் போலவே, நான் கூட்டுவதற்குள் அவள் கூட்டிவிட்டாள்.

மனுவைப் படித்து முடித்து, சுமதி ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"மொதக் கையெழுத்து நான் போடறேன்."

"ஊரு ஒத்துக்காதுடி."

"ஒத்துக்கலன்னா நாளைக்குக் கேளு. அதுக்குத்தான உன்ன முன்னாடி நிக்க வைக்கிறாங்க?" டேப்பைச் சுருட்டி என் கையில் வைத்தாள். "எம் பேருக்கு லெட்டரு வந்தா அன்னிக்கே பிரிப்பேன். ஜீப்பு வர அன்னிக்கு லீவு போட்டுட்டு இங்கியே நிப்பேன். நீ என்னக் கிள்ளாம இருந்தா சரி."